அழுதால் விருது, சிரிக்க வைத்தால் நாள் கூலி

எங்கள் மாலை வகுப்பில் மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ‘மாமன்னன்’ போட்டோம். வடிவேலுவின் முகம் வந்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு. வேடிக்கையாக அவர் எதுவும் பேசவில்லை. முகத்தைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. படம் போகப் போக அந்தச் சிரிப்பு அடங்கியது. கடைசியில் யாரும் அசையவில்லை.

விளக்கைப் போட்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “இவ்ளோ நல்லா நடிக்கத் தெரிஞ்சவரை ஏன் இத்தன வருசமா அடி வாங்க மட்டும் விட்டாங்க?”

அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “சினிமா அப்படித்தான்மா” என்று சொல்லிச் சமாளித்தோம். சாதியைப் பற்றிக் கேட்டாலும் பெரியவர்கள் இப்படித்தானே சமாளிக்கிறார்கள், “ஊர் அப்படித்தான்” என்று? அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு விஷயம். கோடியில் சம்பளம் வாங்கும் நடிகர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புகழின் உச்சியில் இருக்கும் நகைச்சுவை நடிகரின் குறையும், மலக்குழியில் இறக்கப்படுகிறவரின் துயரமும் ஒன்றல்ல. அப்படிச் சொல்லவும் மாட்டோம். ஆனால் ஒரு சமூகம் எந்த உழைப்பை மதிக்கிறது, எதை இளக்காரமாகப் பார்க்கிறது என்பதைச் சினிமா அளவுக்குப் பச்சையாகக் காட்டும் இடம் வேறில்லை. எந்த உடம்பைக் கண்டால் அழ வேண்டும், எந்த உடம்பைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதே சினிமாதான். அதனால் இது நம்முடைய விஷயமும்தான்.

கட்டியக்காரனிலிருந்து தொடங்குவோம்

சினிமா வருவதற்கு முன்பே இந்த ஏற்றத்தாழ்வு மேடையில் இருந்தது. தெருக்கூத்தில் முதலில் வருகிறவர் கட்டியக்காரன். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை “யார் நீ, எந்த ஊர்?” என்று விசாரித்து சபைக்கு அழைத்து வருவதும் அவர்தான். வேலைக்காரன், தூதன், காவல்காரன் என்று தேவைப்படும் வேடத்தையெல்லாம் அவரே தாங்குவார். ஊர்க்காரர்களோடு பேசுவார், ராஜாவையே கேலி செய்வார், தூங்குகிறவர்களை எழுப்பிவிடுவார். விடிய விடிய ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் அவர். ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் வேறொருவருக்கு.

ஸ்பெஷல் நாடகத்திலும் இதே கதைதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடத்தின் பெயரிலேயே படிநிலை தெரியும். ‘ராஜபார்ட்’ என்ற சொல் இன்றும் நம் பேச்சில் மரியாதைக்குரியது. ‘பபூன்’ வசவாகிவிட்டது. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்த மானுடவியலாளர் சூசன் சீசர், 2005இல் வெளிவந்த ‘ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமில் ஸ்டேஜ்’ என்ற நூலில், இந்தக் கலைஞர்கள் சுமக்கும் இழிவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சமூகவியல் படிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள்.

இந்த மேடையிலிருந்துதான் தமிழ்ச் சினிமாவுக்கு நடிகர்கள் வந்தார்கள். அவர்களோடு ராஜபார்ட்டும் பபூனும் வந்து சேர்ந்தார்கள். பெயர் மட்டும் கதாநாயகன், காமெடியன் என்று மாறியது.

கலைவாணர் காட்டிய வழி

என்.எஸ்.கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். வில்லுப்பாட்டு, நாடகக் கம்பெனி என்று வளர்ந்து சினிமாவுக்கு வந்து, 1936இல் ‘சதிலீலாவதி’யில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம்.

என்.எஸ்.கே. செய்த காரியம் சாதாரணமானதல்ல. நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தன் குழுவோடு தனியாக உருவாக்கி, படத்தில் சேர்க்கக் கொடுத்தார். இன்று ‘காமெடி டிராக்’ என்று நாம் சொல்வதற்கு அவர்தான் முன்னோடி. அதாவது உழைப்பு மட்டுமல்ல, உற்பத்தியும் அவர் கையில் இருந்தது. என்ன பேசுவது, யாரைக் கேலி செய்வது என்பதை அவரே முடிவு செய்தார். கேலிக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் போலிச் சாமியார்கள், மூடநம்பிக்கை வியாபாரிகள், கஞ்சப் பணக்காரர்கள்.

அவருடைய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை இளைய தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அது இடம்பெற்றது. நந்தனார் கதை நமக்குத் தெரியும். சிதம்பரம் போக வேண்டும் என்று ஏங்கிய நந்தனைத் தீயில் இறக்கிப் ‘புனிதமாக்கிய’ கதை. 1935இல் ‘பக்த நந்தனார்’ எடுத்தபோது அந்த வேடத்தில் நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத தொகை. சேரிக்காரன் பக்தியில் உருகி, அழுது, நெருப்பில் மறைகிற கதைக்குச் சந்தையில் அவ்வளவு மதிப்பு.

என்.எஸ்.கே. அதே கதையை எடுத்துத் தலைகீழாக்கினார். அவருடைய கிந்தன் கோயிலுக்குப் போகவில்லை. ரயிலேறிப் பட்டணத்துக்குப் போகிறான், படிக்கிறான், அதிகாரியாகத் திரும்பி வருகிறான். தீக்குப் பதில் பரீட்சை. நந்தனைப் பற்றி வந்த உருக்கமான படங்கள் சொல்லாத விடுதலையை ஒரு காமெடியன் சிரித்துக்கொண்டே சொன்னார். நகைச்சுவை ‘லேசான’ சரக்கு, உருக்கம்தான் ‘கனமான’ கலை என்று சொல்கிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்தக் கிந்தனைத்தான்.

டி.ஏ.மதுரத்தை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் என்.எஸ்.கே.யும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டார்கள். 1947இல்தான் வெளியே வந்தார்கள். அந்த இடைக்காலத்தில் நாடகக் குழு கலைந்துபோகாமல் எஸ்.வி.சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து நடத்தியவர் மதுரம். பாதிப் புகழ் அவருக்குச் சேர வேண்டியது. நாம் சொல்வதோ ‘என்.எஸ்.கே. காமெடி’ என்றுதான்.

கலைவாணருக்குத் தமிழ்நாடு மரியாதை செய்யாமல் இல்லை. சென்னையில் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. கொரோனா காலத்தில் சட்டமன்றமே அந்தக் கலைவாணர் அரங்கத்தில்தான் கூடியது. ஆனால் அவர் பிடித்து வைத்திருந்த உற்பத்தி உரிமை அவரோடு போய்விட்டது. 1957இல், 48 வயதில் அவர் இறந்தார். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கும் நடிகர்களாகத்தான் இருந்தார்கள்.

சந்திரபாபுவும் நாகேஷும்

ஜே.பி.சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். பாடுவார், ஆடுவார், மேற்கத்திய இசையைத் தமிழ்ச் சினிமாவுக்குள் இழுத்து வந்தார். 1958இல் ‘சபாஷ் மீனா’வில் சிவாஜி கணேசன் இருக்கும்போதே இரட்டை வேடம் செய்தார். அவர் நாயகனாக நடித்த படங்களும் உண்டு, இயக்கிய படமும் உண்டு. ஆனால் காமெடியன் தன் எல்லையைத் தாண்டிப் போவது அன்று சுலபமாக இல்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. கடன் கழுத்தை நெரித்தது. 1974இல், 50 வயதைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய பாட்டுகள் இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றன.

நாகேஷ் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். அம்மைத் தழும்பு நிறைந்த முகம். அந்த முகத்தோடு 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ நாயகனாக நின்றார். ஹோட்டல் சர்வர் ஒருவன் காமெடி நடிகனாகப் புகழ் பெறுகிறான், ஆனால் அன்பு வைத்த பெண்ணுக்கு அவன் வெறும் நண்பன்தான். ஊரைச் சிரிக்க வைப்பவனைத் தனக்குச் சமமாக யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று அந்தப் படமே கேட்கிறது. அடுத்த ஆண்டு ‘திருவிளையாடல்’ வந்தது. சிவபெருமானாக சிவாஜி, ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ். ஆயிரம் பொற்காசுக்கு ஆலாய்ப் பறக்கும் புலவனின் பசியை அவர் சிரிப்பாக்கினார். 60 ஆண்டு கழித்தும் அந்தப் படம் என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தருமிதான். படத்தின் விளம்பரத்தில் அவருடைய இடம் எங்கே இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2009 ஜனவரி 31இல் நாகேஷ் இறந்தபோது, பத்ம விருது ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.

மனோரமாவின் கணக்கு வேறு

பெண்ணாக இருந்தால் தள்ளுபடி இரட்டிப்பு. மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் நாயகியாக நின்றவர் மனோரமா. 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் அவருக்குக் கிடைத்தது காமெடி வேடம். அதற்கப்புறம் 1,000 படங்களுக்கு மேல் நடித்தார், கின்னஸில் பெயர் வந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணியை மறந்தவர்கள் உண்டா? ஆனால் மேடையில் நாயகியாக இருந்தவர் திரையில் அந்த இடத்தில் நிலைக்க முடியவில்லை. ஆண் காமெடியன்களுக்கு எப்போதாவது ஒரு ‘சர்வர் சுந்தரம்’ கிடைத்தது. நகைச்சுவை நடிகை முதன்மை இடத்தில் நின்ற படங்கள் அதைவிட அபூர்வம். 1995இல் கமல்ஹாசனுக்கு ஜோடியாகக் கோவை சரளா நடித்த ‘சதிலீலாவதி’ போன்ற ஒன்றிரண்டைச் சொல்லலாம். அதையும் அன்று ஊர் ஆச்சரியமாகத்தானே பார்த்தது?

சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது?

‘பெரிய நடிகருக்குப் பெரிய சம்பளம், அவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் வித்தியாசம் தொகையில் மட்டும் இல்லை. கூலியின் வகையிலேயே இருக்கிறது.

நாயகனுக்கு ஒரு படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள். சில நாயகர்கள் அதற்கு மேல் சில ஏரியாக்களின் வெளியீட்டு உரிமையையும் வாங்கிக்கொள்வார்கள். படம் ஓடினால் லாபத்திலும் பங்கு என்று அர்த்தம். காமெடியனுக்கோ பெரும்பாலும் நாள் கணக்கு. ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு, அத்தனை நாளில் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நாள் சம்பளம் லட்சங்களில் இருந்தாலும் அதன் தன்மை தினக்கூலிதான். படம் நூறு நாள் ஓடினாலும் அவருக்குத் தொடர்பில்லை. உடம்புக்கு முடியாமல் போனால் வருமானம் நின்றுவிடும்.

இது மேல்தட்டுக் காமெடியன்களின் கதை. அவர்களுக்குக் கீழே இன்னொரு வரிசை இருக்கிறது. காமெடியனிடம் அடி வாங்குகிறவர், அவரைச் சுற்றி நிற்கும் கூட்டாளிகள், ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகிறவர். முகம் நமக்கு நன்றாகத் தெரியும், பெயர் தெரியாது. வயதான காலத்தில் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு வீடியோவில் வருவது பெரும்பாலும் இவர்கள்தான்.

அதற்கும் கீழே, முகமே தெரியாத இன்னொருவர் உண்டு: எழுதியவர். கவுண்டமணி, செந்தில் இணைக்குப் பல படங்களில் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். அவரும் நடிகர்தான். அந்த வசனங்கள் தமிழர்களின் அன்றாடப் பேச்சாகவே மாறிவிட்டன. அவர் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

அம்பேத்கர் சாதியை விளக்கும்போது ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்ற கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் கீழே இன்னொரு படி இருப்பதால், எல்லாரும் சேர்ந்து மேலே இருப்பவரைக் கேள்வி கேட்பது நடக்காது. சினிமா சாதியல்ல. ஆனால் இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்தின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். நிறைய புரியும்.

அழுதால்தான் நடிப்பா?

இனி விருதுக்கு வருவோம். தேசிய விருது வாங்கிய தமிழ் நகைச்சுவைக் கலைஞர்கள் சிலரை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

மனோரமாவுக்கு 1989ஆம் ஆண்டு வந்த ‘புதிய பாதை’ படத்துக்காக. முப்பது ஆண்டு சிரிக்க வைத்த பிறகு, உருக்கமான ஒரு வேடத்துக்குக் கிடைத்தது. அதுவும் ‘சிறந்த துணை நடிகை’.

நாகேஷுக்கு 1994இல் வந்த ‘நம்மவர்’ படத்துக்காக. தருமிக்கு அல்ல, ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்திக்கும் அல்ல. மகளைப் பறிகொடுத்து நிற்கும் தகப்பன் வேடத்துக்கு. ‘சிறந்த துணை நடிகர்’.

அப்புக்குட்டிக்கு 2011இல் வந்த ‘அழகர்சாமியின் குதிரை’க்காக. இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். படத்தின் தலைப்பில் இருக்கும் அழகர்சாமியே அவர்தான். குட்டையான, கறுத்த, குதிரையில் சுமை ஏற்றிப் பிழைக்கும் மனிதன். தலைப்புப் பாத்திரத்தில் நடித்தவருக்குக் கிடைத்தது ‘துணை நடிகர்’ விருது! அப்படியானால் யாருக்குத் துணை? குதிரைக்கா?

பக்கத்து மலையாளத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. காமெடியன் சலீம்குமாருக்கு ‘ஆதாமின்டே மகன் அபு’ (2010) படத்துக்காகவும், சுராஜ் வெஞ்ஞாறமூடுக்கு ‘பேரறியாத்தவர்’ (2013) படத்துக்காகவும் தேசிய அளவில் ‘சிறந்த நடிகர்’ விருதே கிடைத்தது. ஆனால் வேடங்களைப் பாருங்கள். ஒன்று, ஹஜ் போக ஏங்கும் ஏழை முதியவர். இன்னொன்று, குப்பை அள்ளும் நகராட்சித் தொழிலாளி. இரண்டிலும் சிரிப்பே கிடையாது. காமெடியன் சிரிக்க வைப்பதை நிறுத்தினால்தான் நடிகன் என்ற பட்டம் கிடைக்கும் என்பதுதான் அங்கும் விதி.

தமிழ்நாடு அரசு விருதுகளில் ‘சிறந்த நகைச்சுவை நடிகர்’ என்று தனிப் பிரிவு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் இன்னொரு கண்ணோடும் அதைப் பார்க்கத் தோன்றுகிறது. தனிப் பந்தி போட்டுச் சோறு போடுவதும், ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் இப்படி? சிரிக்க வைப்பது சுலபம் என்ற நினைப்பு ஒரு காரணம். ஒரு வசனம் அரை நொடி தாமதித்தால் சிரிப்பு செத்துவிடும் என்பது மேடை ஏறிய எவருக்கும் தெரியும். எங்கள் வீதி நாடகக் குழுவில் அழ வைக்கும் வேடத்துக்கு ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள். சிரிக்க வைக்கத்தான் ஆள் கிடைக்காது. இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. நம் திரையில் காமெடியன் நின்ற இடமே வேலைக்காரனின் இடம். அந்த இடத்துக்கு என்ன மரியாதையோ, அதில் நிற்பவருக்கும் அதே மரியாதைதான்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

80களிலும் 90களிலும் வந்த கிராமத்துப் படங்களை நினைத்துப் பாருங்கள். நாயகன் பண்ணையார் வீட்டுப் பிள்ளை, ஊர்த் தலைவர், நாட்டாமை. காமெடியன் யார்? துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், தண்டோரா போடுபவர், வெட்டியான், பண்ணையாள். ஊரே வாழ உழைத்த சாதிகளின் தொழில்கள் திரையில் வேடிக்கையாக மட்டுமே வந்தன. அந்த வேடத்துக்கு என்றே ஓர் உடம்பையும் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு, குள்ளம், தொப்பை, எத்துப்பல், வழுக்கை. ஒருவர் அடிக்க, ஒருவர் வாங்க, நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பொய் சொல்ல வேண்டாம், நாங்களும் சிரித்தோம். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம் இன்று வந்தாலும் சிரிப்போம். அதில் இருக்கும் கலைத்திறன் அப்படி. ஆனால் அடி வாங்குகிற உடம்பு எப்போதும் ஏன் ஒரே மாதிரி உடம்பாக இருக்கிறது என்று அன்று கேட்கத் தெரியவில்லை.

2007இல் ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரைச் சூட்டி, இரண்டு பெண்களின் முகத்தில் கருப்பு பூசி நிறுத்தினார்கள். கறுப்பாக இருப்பதே நகைச்சுவையாம். கண்டனம் எழுந்தது. ஆனாலும் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நிறமும் உடம்பும் பார்த்து மற்ற பிள்ளைகள் அவனுக்கு ஒரு காமெடி நடிகரின் பெயரை வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வருவான். அவனுக்கு அது பிடித்திருக்கிறது என்றே நாங்கள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு வேலைக்காரன் வேடம் கொடுத்தோம், ‘பொருத்தமாக இருக்கும்’ என்று. அந்தப் ‘பொருத்தம்’ எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. சினிமாவின் தப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் தப்பு கண்ணில் பட்டது.

இசக்கியிலிருந்து மாமன்னன் வரை

1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. அதில் வடிவேலுவுக்கு இசக்கி என்ற வேடம். பெரிய வீட்டுக்கு விசுவாசமான ஆள். பெரிய வீடுகளின் பகையில் கை வெட்டப்படுவது அவனுக்கு. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, போன கையைப் பற்றியே வேடிக்கை பேசுவான். தியேட்டர் சிரிக்கும், கொஞ்சம் கண்ணும் கலங்கும். அதற்கப்புறம் கதை இசக்கியை விட்டுவிட்டுப் பெரியவர்களின் பகைக்குப் போய்விடும்.

2023இல் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே இயக்குநர் மாரி செல்வராஜ் சொன்னார், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று. முப்பது ஆண்டு கழித்து இசக்கிக்கு ஒரு கதை கிடைத்தது. தனித் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தும், ஆதிக்க சாதி அரசியல்வாதி முன்னால் நாற்காலியில் உட்கார முடியாத மனிதர். அந்தக் குனிந்த தோளை வடிவேலு வேறெங்கிருந்தும் கொண்டுவரவில்லை என்பது எங்கள் எண்ணம். முப்பது ஆண்டாக வேலைக்காரனாக, அடி வாங்குகிறவனாக நடித்துப் பழகிய அதே தோள். நகைச்சுவை நடிப்பு அவருக்குக் கற்றுக்கொடுத்த கலையைத்தான் அந்தப் படம் வேறு திசையில் திருப்பியது.

அப்புறம் என்ன ஆனது? படம் ஓடிடிக்கு வந்ததும் சமூக வலைத்தளங்களில் கொண்டாடப்பட்டது ரத்னவேலு. ஆம், வில்லன். பகத் பாசிலின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, பல சாதிக்காரர்கள் ‘எங்க ஆளு’ என்று பரப்பினார்கள். திரையில் நிமிர்ந்து நிற்கும் மீசைக்குத்தான் புகழ் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2021இல் வந்த ‘மண்டேலா’வையும் இங்கே சேர்க்க வேண்டும். ஊரில் பெயர்கூட இல்லாத முடி திருத்தும் தொழிலாளியாக யோகி பாபு. தேர்தல் வந்ததும் அவருடைய ஒரு ஓட்டுக்காக இரண்டு சாதிகளும் அடித்துக்கொள்கின்றன. வேடிக்கையாகவே வந்துகொண்டிருந்த தொழில் அதில் நாயகனின் தொழிலானது. கடைசிவரை சிரிக்க வைத்துக்கொண்டே சாதியைத் தோலுரித்த படம். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் வசனத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன. மனதாரப் பாராட்டுவோம். நடிப்புக்கான விருது மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. அந்தப் படத்தில் அவர் அழாமல் இருந்துவிட்டார் போலிருக்கிறது.

நம் கைபேசியில் இருக்கும் முகம்

கடைசியாக நம்மைப் பற்றி. இந்தக் கட்டுரையை வாசிக்கும் நீங்கள் இன்று காலையிலிருந்து எத்தனை வடிவேலு மீம்களைப் பார்த்திருப்பீர்கள்? போராட்ட அறிவிப்புக்கு மீம், அமைச்சரைக் கிண்டல் செய்ய மீம், தேர்வு முடிவுக்கு மீம். 2019 மே மாதத்தில் ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்து நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் உலக அளவில் டிரெண்டானது. படம் வந்ததோ 2001இல். நேசமணி உலகம் சுற்றிய அந்த ஆண்டில் வடிவேலுவின் கையில் புதுப் படங்கள் ஏறக்குறைய இல்லை. முகம் எல்லார் கையிலும், வேலை அவர் கையில் இல்லை.

ஆதித்யா, சிரிப்பொலி என்று 24 மணி நேர நகைச்சுவைத் தொலைக்காட்சிகள் இந்தக் காட்சிகளை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் விளம்பரப் பணம் வருகிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. பாடகர்களும் சங்கம் வைத்து வசூலிக்கிறார்கள். துண்டு துண்டாக வெட்டி ஆயிரம் முறை போடப்படும் காட்சியில் நடித்தவருக்கு நடைமுறையில் அப்படி எதுவும் இல்லை. இதில் அதிகம் இழப்பது நகைச்சுவை நடிகர்கள்தான். நாயகனின் கதையை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காமெடியை இரண்டு நிமிடமாக வெட்டி விற்கலாம்.

நாம் என்ன செய்யலாம்? சினிமாச் சம்பளத்தை நாம் நிர்ணயிக்க முடியாது. ஆனால் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. திரைப்பட விமர்சனம் எழுதும் தோழர்கள் நாயகனுக்கும் இயக்குநருக்கும் பத்துப் பத்தி எழுதிவிட்டு, ‘நகைச்சுவை ஓகே’ என்று ஒரு வரியில் முடிப்பதை நிறுத்தலாம். அந்தச் சிரிப்பு யாரை அடித்தது, யாருக்காகப் பேசியது என்று எழுதலாம். கிந்தனாரையும் நேசமணியையும் வைத்துக் கல்லூரிகளில் ஆய்வு செய்யலாம். வீரப்பன் மாதிரி பெயர் மறைந்தவர்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். நடிகர்களுக்கு ராயல்டி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தால், ‘பணக்காரர்கள் விவகாரம்’ என்று ஒதுக்காமல் தொழிலாளர் உரிமையாகப் பார்க்கலாம். அதில் பயன்பெறப் போவது உச்சியில் இருக்கும் நான்கு பேர் மட்டுமல்ல, பெயர் தெரியாத அந்தக் கூட்டாளிகளும்தான்.

எங்கள் அளவில் ஒன்று தொடங்கியிருக்கிறோம். மாலை வகுப்பில் யாரும் யாரையும் நடிகர் பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள். இந்த ஆண்டு விழாவுக்குக் கிந்தனார் கதையைத் தழுவி நாடகம் போடுகிறோம். கிந்தனாக யார் நடிப்பது என்று கேட்டபோது, அந்தப் பையன் கையைத் தூக்கினான். “நான் நடிக்கிறேன். ஆனா காமெடியாத்தான் நடிப்பேன், சரியா?” என்றான்.

சரி என்றோம். அதுதான் கஷ்டமான வேடம் என்றும் சொல்லி வைத்தோம்.